டாக்டர்கள் விரும்பிச் சேரும் திட்டம்: ஒரு மாநிலத்தின் முதல்நிலை மருத்துவத்தை மாற்றத் தொடங்குவது எப்படி?

முதல்நிலை மருத்துவம் என்றதும் நமக்கு ஆரம்ப சுகாதார நிலையம்தான் நினைவுக்கு வரும். அரசுக் கட்டடம், அரசு டாக்டர்; ஓர் அரசாணை போட்டால் அடுத்த மாதமே நடைமுறை மாறும். அமெரிக்காவின் மேரிலாந்தில் அந்த வசதி கிடையாது. அங்கே குடும்ப டாக்டர்கள் பெரும்பாலும் தனியார். இரண்டு டாக்டரும் ஒரு ரிசப்ஷனிஸ்டும் இருக்கும் சின்ன கிளினிக்கும் உண்டு, பெரிய மருத்துவமனைக் குழுமத்துக்குச் சொந்தமான கிளினிக்கும் உண்டு. யாரையும் மாநில அரசு கட்டாயப்படுத்த முடியாது. ஆகவே 2019 ஜனவரி 1 அன்று தொடங்கிய மேரிலாந்து முதல்நிலை மருத்துவத் திட்டம், விருப்பம் உள்ளவர் மட்டும் சேரலாம் என்ற அடிப்படையில் எழுந்தது. குடும்ப டாக்டர்களுக்குப் பணமும் தகவலும் ஆள் உதவியும் கொடுத்து, நோயாளி தேவையில்லாமல் மருத்துவமனையில் சேரும் நிலை வராமல் பார்த்துக்கொள்ள வைப்பதுதான் அதன் நோக்கம். முதல் ஆண்டில் 380 கிளினிக்குகள் சேர்ந்தன. 2020இல் 476, 2021இல் 525.

இந்த மாதிரித் திட்டத்தை ஒரு மாநிலம் எந்த வரிசையில் கட்ட வேண்டும், எங்கே பணம் வைக்க வேண்டும், எங்கே வழுக்கும் என்பதை மேரிலாந்தின் கணக்குகளை வைத்துப் படிப்படியாகப் பார்க்கலாம். ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: சேர வேண்டிய கட்டாயம் இல்லாத டாக்டர், வேலையைத் தொடங்கும் முன்பே பணத்தையும், கேட்காமலே தகவலையும் பார்த்தால்தான் சேருவார். இந்த இரண்டில் ஒன்று தாமதமானாலும் மற்ற எல்லா ஏற்பாடும் வெறும் பயிற்சிப் பட்டறையாக முடியும்.

படி 1: மருத்துவமனைப் பக்கத்தை முதலில் கட்டுங்கள்

பல மாநிலங்கள் நேராக கிளினிக்கில் போய் நிற்கின்றன. தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. குடும்ப டாக்டர் நன்றாக வேலை செய்தால் மருத்துவமனையில் படுக்கை காலியாகும். படுக்கைக்கு இவ்வளவு என்று பணம் வாங்கும் மருத்துவமனைக்கு அது நஷ்டம். உள்ளூரில் மிகப் பெரிய முதலாளியாக இருக்கும் ஒரு நிறுவனம் உங்கள் திட்டத்தை வெளியில் வாழ்த்திவிட்டு உள்ளுக்குள் இழுத்துப் பிடிக்கும்.

மேரிலாந்துக்கு இந்தத் தலைவலி குறைவு. 1970களிலிருந்தே அங்கே மருத்துவமனைக் கட்டணத்தை ஒரு மாநில ஆணையம்தான் நிர்ணயிக்கிறது. எந்தக் காப்பீட்டுக்காரர் கொடுத்தாலும் அதே விலைப்பட்டியல்தான். 2014இல் இன்னொரு அடி எடுத்து வைத்தார்கள். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஆண்டுக்கு இவ்வளவுதான் வருமானம் என்று முன்கூட்டியே மொத்தத் தொகை நிர்ணயித்தார்கள். அதன்பின் தேவையில்லாத அட்மிஷன் குறைந்தால் மருத்துவமனைக்கு லாபம். நான்கு ஆண்டு ஓடியதும் ஒன்று தெளிவானது: மருத்துவமனைச் சுவருக்குள் மட்டும் செலவைக் கட்டுப்படுத்தினால் போதாது, நோயாளி வீட்டுக்குப் போன பிறகு அவரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். 2018 ஜூலையில் மத்திய அரசோடு கையெழுத்தான மொத்தச் செலவு ஒப்பந்தத்தில் முதல்நிலை மருத்துவத் திட்டம் சேர்ந்தது இதனால்தான். 2023 முடிவதற்குள் மெடிகேருக்கு ஆண்டுக்கு 30 கோடி டாலர் மிச்சம் காட்ட வேண்டும் என்பது அந்த ஒப்பந்தத்தின் இலக்கு. மெடிகேர் என்பது 65 வயது தாண்டியவர்களுக்கும் சில மாற்றுத்திறனாளிகளுக்கும் மத்திய அரசு தரும் காப்பீடு.

உங்கள் மாநிலத்தில் இப்படியொரு மொத்தத் தொகை ஏற்பாடு இல்லையென்றால் திட்டத்தைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால் அட்மிஷன் குறைவதால் யாருக்கு இழப்பு, அதை யார் ஈடுகட்டுவார் என்று ஒரு பக்கக் கணக்கு எழுதி, மருத்துவமனைகளின் முன்னால் வைத்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

படி 2: நடத்தும் அலுவலகம் யாருடையது?

மேரிலாந்தில் பணமும் விதிகளும் மத்திய அரசின் மெடிகேர் புதுமை மையத்திடம். கிளினிக்கோடு தினமும் பேசுவது மாநில சுகாதாரத் துறைக்குள் அமைத்த தனி நிர்வாக அலுவலகம். இந்தப் பிரிவினை நல்லது. ஆனால் ஒரு நிபந்தனை: கிளினிக்குக்கு ஒரே ஒரு தொலைபேசி எண்தான் தெரிய வேண்டும். பணம் வரவில்லை என்றால் ஒருவர், ரிப்போர்ட் ஏறவில்லை என்றால் இன்னொருவர், ஒப்பந்தத்தில் டாக்டர் பெயர் மாற்ற மூன்றாமவர் என்று அலையவிட்டால், இரண்டாம் காலாண்டிலேயே விலகல் கடிதம் வரும்.

அலுவலகத்தின் முதுகெலும்பு பயிற்சியாளர்கள். இவர்கள் தணிக்கைக்காரர்கள் அல்ல என்பதை வேலை நியமன ஆணையிலேயே எழுதிவிடுங்கள். கிளினிக்குக்கு நேரில் போய், ரிசப்ஷனில் போன் எடுக்கும் முறையிலிருந்து கம்ப்யூட்டரில் ரத்த அழுத்தம் எந்தக் கட்டத்தில் பதிவாகிறது என்பது வரை உட்கார்ந்து பார்ப்பவர்கள். எங்கள் மதிப்பீட்டில் ஒருவருக்கு 20 முதல் 25 கிளினிக் வரை கொடுக்கலாம். 40 ஆனால் அவர் மின்னஞ்சல் அனுப்பும் ஆளாக மட்டும் மாறிவிடுவார்.

படி 3: பணம்

இங்கே கொஞ்சம் நிதானமாக உட்கார வேண்டும். டாக்டர்கள் கேட்கும் முதல் கேள்வியும் கடைசிக் கேள்வியும் இதுதான்.

மேரிலாந்து இரண்டு தடங்களோடு தொடங்கியது. கீழே வரும் தொகைகளும் விதிகளும் அந்தத் தொடக்க ஆண்டுகளுடையவை. முதல் தடம் பழகுவதற்கு, இரண்டாவது முன்னேறியவர்களுக்கு. முதல் தடத்தில் சேர்ந்தவர் மூன்றாண்டுக்குள் இரண்டாம் தடத்துக்கு நகர வேண்டும் என்று விதி வைத்தார்கள். 2023இல் மூன்றாவது தடம் வந்தது. அதில் முடிவு மோசமானால் கிளினிக்கின் வருமானமும் குறையும்.

அடிப்படைத் தொகை பராமரிப்புக் கட்டணம். நோயாளி வந்தாலும் வராவிட்டாலும், கிளினிக்கின் பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு மெடிகேர் நோயாளிக்கும் மாதாமாதம் கணக்கிட்டு, காலாண்டுக்கு ஒருமுறை முன்னதாகக் கொடுப்பது. நோயின் கனத்தைப் பொறுத்து ஐந்து படிநிலைகள். முதல் தடத்தில் 6, 8, 16, 30, 50 டாலர். இரண்டாம் தடத்தில் 9, 11, 19, 33, 100 டாலர். கடைசிப் படியான சிக்கல் படியில், நோய் மதிப்பெண்ணில் உச்சியில் இருக்கும் பத்து சதவீதத்தினரோடு மறதிநோய், தீவிர மனநோய், போதைப் பழக்கம் உள்ளவர்களும் வருவார்கள்.

ஒரு கிளினிக்கில் 400 மெடிகேர் நோயாளிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். படிநிலைகளில் 100, 100, 100, 60, 40 பேர். முதல் தடத்தில் 600 + 800 + 1,600 + 1,800 + 2,000, ஆக மாதம் 6,800 டாலர், ஆண்டுக்கு 81,600. ஆளுக்குச் சராசரி 17 டாலர். இதே நோயாளிகள் இரண்டாம் தடத்தில் இருந்தால் மாதம் 9,880, ஆண்டுக்கு 1,18,560 டாலர். ஒரு பதிவுபெற்ற நர்ஸை முழுநேரமும் வைத்துக்கொள்ள முதல் தடத்துத் தொகை ஏறக்குறைய முழுதும் போய்விடும். அதற்காகத்தான் அந்தத் தொகையே என்பதை டாக்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். இது கூடுதல் வருமானம் என்று நினைத்துச் சேர்ந்தவர் ஒரு வருடம் கழித்துக் கோபப்படுவார்.

அடுத்தது செயல்திறன் ஊக்கத்தொகை: ஆளுக்கு மாதம் முதல் தடத்தில் 2.50 டாலர் வரை, இரண்டாம் தடத்தில் 4 டாலர் வரை. நம் 400 பேர் கிளினிக்குக்கு ஆண்டுக்கு 12,000 அல்லது 19,200. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. தொகை ஆண்டுத் தொடக்கத்திலேயே முழுதாக வந்துவிடும். தரமும் மருத்துவமனைப் பயன்பாடும் இலக்கைத் தொடாவிட்டால் பிறகு திருப்பிப் பிடிப்பார்கள். வந்ததும் செலவழித்துவிட்ட கிளினிக் அடுத்த ஆண்டு தள்ளாடும். முதல் ஆண்டில் இதைத் தனிக் கணக்கில் போட்டுத் தொடாமல் வையுங்கள் என்று அறிமுகக் கூட்டத்திலேயே சொல்லிவிடுவது உங்கள் கடமை.

இரண்டாம் தடத்தின் உண்மையான மாற்றம் மூன்றாவது தொகையில் இருக்கிறது. நோயாளி வந்துபோகும் ஒவ்வொரு தடவைக்கும் மெடிகேர் தரும் கட்டணத்தில் 10, 25, 40 அல்லது 65 சதவீதத்தை கிளினிக் முன்பணமாக வாங்கிக்கொள்ளலாம். அந்தப் பங்கு 10 சதவீதம் கூட்டித் தரப்படும். ஒவ்வொரு வருகைக்கும் வரும் பில் அதே அளவு குறையும். ஆண்டுக்கு 2,00,000 டாலர் பில் போடும் கிளினிக் 40 சதவீதத்தைத் தேர்ந்தால் 88,000 முன்னதாக வரும், மீதி 1,20,000 வருகைகள் வழியாக. மொத்தம் 2,08,000. இப்போது சர்க்கரை நோயாளிகள் பலரை நேரில் வரச் சொல்லாமல் போனிலேயே கவனித்து வருகையை 10 சதவீதம் குறைத்தால் என்ன ஆகும்? பழைய முறையில் வருமானம் 1,80,000ஆக இறங்கும். புதிய முறையில் 88,000 + 1,08,000 = 1,96,000. வருகை குறைந்தால் பட்டினி என்ற பயத்தை விலக்குவதற்குத்தான் இந்த ஏற்பாடு. 2020இல் கொரோனா வந்து வெயிட்டிங் ஹாலெல்லாம் காலியானபோது, நோயாளி வந்தாலும் வராவிட்டாலும் கைக்கு வரும் பணத்தின் மதிப்பு என்ன என்பதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டு சின்ன விதிகள், பெரிய சச்சரவைத் தவிர்க்கும். பராமரிப்புக் கட்டணத்தில் நோயாளியிடம் ஒரு காசும் பங்கு கேட்கக் கூடாது. அதே நோயாளிக்கு மெடிகேரின் நாள்பட்ட நோய்ப் பராமரிப்புக்கான தனி பில்லையும் சேர்த்துப் போடக் கூடாது. இரண்டாவதை பில்லிங் ஆளிடம் சொல்ல மறந்து, மாதக்கணக்கில் போட்ட பில்லை எல்லாம் திருப்பிக் கட்டுவது இந்தத் திட்டங்களில் வழக்கமான விபத்து.

மற்ற காப்பீட்டுக்காரர்கள்? மெடிகேர் நோயாளிக்கு ஒரு முறை, மற்றவர்க்கு வேறு முறை என்று எந்த கிளினிக்கும் ஓட முடியாது. ஆகவே தனியார் காப்பீட்டையும் இழுத்துவர வேண்டும். மேரிலாந்தில் கேர்ஃபர்ஸ்ட் நிறுவனம் 2020இல் இணைந்தது. எல்லோரும் வந்தபின் தொடங்கலாம் என்று காத்திருந்தால் திட்டம் தொடங்கவே தொடங்காது.

படி 4: சின்ன கிளினிக்குக்குக் கைத்தாங்கல்

மேரிலாந்தில் சேரக் குறைந்தபட்சம் 125 மெடிகேர் நோயாளிகள் வேண்டியிருந்தது. 17 டாலர் சராசரியில் அது ஆண்டுக்கு 25,500 டாலர். வாரத்தில் ஒரு நாள், மிஞ்சினால் ஒன்றரை நாள் நர்ஸ். அப்படிப் பகுதிநேர ஆளைத் தேடி எந்த டாக்டரும் அலையமாட்டார். அதற்கு விடையாக வந்ததுதான் சி.டி.ஓ. என்று சுருக்கமாகச் சொல்லும் துணை நிறுவனங்கள். நர்ஸ், மருந்தாளர், சமூகப் பணியாளர், மனநல ஆலோசகர் எல்லோரையும் ஒரே குழுவாக வேலைக்கு வைத்து, பல கிளினிக்குகளுக்குப் பகிர்ந்து கொடுப்பது இவர்கள் வேலை. தொடக்க ஆண்டில் 21 இருந்தன.

அப்போது கிளினிக்குக்கு மூன்று வழி. சி.டி.ஓ. இல்லாமலே நடத்தலாம். நோயாளிகளை விடாமல் பின்தொடர்ந்து கவனிக்கும் முதன்மை கேர் மேனேஜர் தன்னிடம் ஏற்கெனவே இருந்தால் கட்டணத்தில் 30 சதவீதம் கொடுத்து மற்ற உதவிகளை வாங்கலாம். அவரையும் சி.டி.ஓ.வே தர வேண்டுமென்றால் 50 சதவீதம். நம் 400 பேர் கிளினிக்கில் அது ஆண்டுக்கு 24,480 அல்லது 40,800 டாலர். பங்கு நேராக மெடிகேரிலிருந்தே சி.டி.ஓ.வுக்குப் போய்விடும், டாக்டர் கையிலிருந்து செக் எழுதத் தேவையில்லை. இது சாதாரண விஷயமாகத் தெரியலாம். மாதாமாதம் தன் கையால் பாதிப் பணத்தை எடுத்துக் கொடுக்கச் சொன்னால் எத்தனை பேர் நிலைப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

சி.டி.ஓ.க்களில் பல, மருத்துவமனைக் குழுமங்களைச் சேர்ந்தவை. தனி டாக்டருக்கு இயல்பாகவே சந்தேகம் வரும்: இன்று கேர் மேனேஜர் அனுப்புகிறவர் நாளை என் கிளினிக்கையே வாங்கிவிடுவாரோ? இதற்கு மூன்று பாதுகாப்பு: ஒவ்வொரு மாவட்டத்திலும் மருத்துவமனை சாராத சி.டி.ஓ. ஒன்றாவது இருக்கட்டும்; ஆண்டுதோறும் மாற்றிக்கொள்ளும் உரிமை இருக்கட்டும்; ஒப்பந்தத்தில் பெயரோடு ஆள், வாரத்தில் எத்தனை மணி நேரம், நேரிலா போனிலா என்பதை எழுதட்டும். "பராமரிப்புச் சேவைகள் வழங்கப்படும்" என்று மொட்டையாக எழுதிய ஒப்பந்தத்தின் விளைவு, தூரத்து நகரத்தில் உட்கார்ந்து நோயாளிக்குப் பெயர் தெரியாத ஒருவர் மாதம் ஒருமுறை போன் அடிப்பது.

வெர்மான்ட் மாநிலம் இதே சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தது. அங்கே வட்டாரத்துக்கு ஒரு சமூக சுகாதாரக் குழு. அதற்கான பணத்தைக் காப்பீட்டுக்காரர்கள் பகிர்ந்து கட்டுகிறார்கள், நோயாளிக்குச் செலவில்லை. சின்ன மாநிலத்துக்கு அது இன்னும் எளிது.

படி 5: தகவல் குழாய்

மேரிலாந்தின் மிகப் பெரிய அதிர்ஷ்டம் க்ரிஸ்ப். மாநிலத்தின் மருத்துவமனைகள் எல்லாம் இணைந்த தகவல் பரிமாற்ற அமைப்பு. எந்த எமர்ஜென்சியில் நோயாளி நுழைந்தாலும் அவருடைய குடும்ப டாக்டருக்கு அறிவிப்பு வரும். இது இல்லாத மாநிலம் முதலில் இதைக் கட்டட்டும். அது தயாராவதற்குள் முதல்நிலைத் திட்டத்தைத் தொடங்குவது, போன் இணைப்பு இல்லாமல் கஸ்டமர் கேர் திறப்பது போல.

அறிவிப்பு வர வேண்டுமென்றால் கிளினிக் தன் நோயாளிப் பட்டியலை ஏற்றியிருக்க வேண்டும். தொடக்கத்தில் ஒருமுறை ஏற்றிவிட்டு மறந்துபோவது எல்லா இடத்திலும் நடக்கும். ஆறு மாதம் கழித்து, புதிதாகச் சேர்ந்தவர்கள் யாருக்கும் அறிவிப்பு இல்லை. மாதத்தின் முதல் வேலைநாளில் பட்டியலைப் புதுப்பிப்பது யார் வேலை என்று பெயர் போட்டு எழுதுங்கள்.

2019 அக்டோபரில் இன்னொரு கருவி சேர்ந்தது. மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகத்தில் இருக்கும் ஹில்டாப் நிலையம் உருவாக்கியது. தவிர்க்கக்கூடிய அட்மிஷன் யாருக்கு வர வாய்ப்பு அதிகம் என்று ஒவ்வொரு மாதமும் நோயாளிகளை வரிசைப்படுத்தித் தரும். ஏன் அந்த இடத்தில் இருக்கிறார் என்ற காரணமும் காட்டும். காரணம் காட்டுவதுதான் முக்கியம். வெறும் மதிப்பெண்ணை டாக்டர்கள் நம்புவதில்லை. வரிசை வந்தபின் டாக்டர் தன் கையால் மாற்றவும் இடம் கொடுங்கள். மனைவி போன மாதம் இறந்துபோனார், இப்போது தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறார் என்பது எந்தக் கணினிக்கும் தெரியாது, டாக்டருக்குத் தெரியும்.

யார் எந்த கிளினிக்கின் நோயாளி என்பதும் தகவல் கேள்விதான். நோயாளி கையெழுத்துப் போட்டுச் சேருவதில்லை. கடந்த இரண்டு ஆண்டுகளில் எங்கே அதிகம் போனார் என்று மெடிகேர் பில்களை வைத்துக் காலாண்டுதோறும் கணக்கிடுகிறார்கள். அவர் வேறு எந்த டாக்டரிடமும் போகலாம். உரிமை எதுவும் குறையாது. இதனால் ஒவ்வொரு காலாண்டிலும் பட்டியல் ஆடும். வாடிக்கையாக வருகிற நோயாளி பட்டியலில் காணோம் என்று டாக்டர்கள் புலம்புவார்கள். ஆண்டுப் பரிசோதனைக்கு அழைத்துப் பார்ப்பதே இதற்கு நேரான மருந்து: வருகையும் பதிவாகும், விட்டுப்போன பரிசோதனைகளும் நடக்கும்.

படி 6: கிளினிக்குக்குள் என்ன மாற வேண்டும்

ஒப்பந்தம் ஐந்து கடமைகளைக் கேட்கிறது: எப்போதும் அணுக முடிவது, பராமரிப்பு நிர்வாகம், மற்ற டாக்டர்களோடும் சமூக அமைப்புகளோடும் ஒருங்கிணைப்பு, நோயாளி மற்றும் குடும்பத்தாரின் அனுபவம், திட்டமிட்ட சிகிச்சை. இவற்றில் நோயாளி அனுபவத்துக்குக் கூட்டம் போட்டு கூட்டக்குறிப்பு எழுதினால் போதும் என்ற நிலைதான் பல இடங்களில். அணுகல் என்பது ராத்திரி இரண்டு மணிக்கு போன் எடுப்பவர் நோயாளியின் பதிவேட்டைத் திறந்து பார்க்கக்கூடியவராக இருக்க வேண்டும் என்பது. "அவசரமென்றால் எமர்ஜென்சிக்குப் போங்கள்" என்ற பதிவுக் குரல் அதில் சேராது.

பலன் வெளிப்படையாகத் தெரிவது பராமரிப்பு நிர்வாகத்தில். விதி இது: மருத்துவமனையிலிருந்து டிஸ்சார்ஜ் ஆனவரை இரண்டு வேலைநாளுக்குள் தொடர்புகொள்ள வேண்டும், எமர்ஜென்சி மட்டும் போய்த் திரும்பியவரை ஒரு வாரத்துக்குள்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு இதயச் செயலிழப்பு நோயாளி ஒருவர் டிஸ்சார்ஜ் ஆகிறார் என்று வையுங்கள். கடைசி நாள் செவ்வாய். திங்கள் காலை எட்டு மணிக்கு கேர் மேனேஜர் அறிவிப்புப் பட்டியலைத் திறக்கிறார். அவர் விடுப்பில் இருந்தால் யார் திறப்பார் என்பதும் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். போனில் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்றுதான் பதில் வரும். அதனால் கேள்விகள் நேராக இருக்கட்டும். இன்று காலை எடை எவ்வளவு? மருத்துவமனையிலிருந்து கிளம்பும்போது எவ்வளவு? மாத்திரை டப்பாக்களை எல்லாம் எடுத்து மேஜையில் வையுங்கள், ஒவ்வொன்றாகப் படியுங்கள். பழைய நீர் மாத்திரை 20 மில்லிகிராம் ஒரு டப்பாவில், புதிய 40 இன்னொரு டப்பாவில், இரண்டையும் சேர்த்து விழுங்கிக்கொண்டிருப்பது இந்த இடத்தில்தான் பிடிபடும். பிறகு, கடைக்குப் போக வண்டி உண்டா? எடை போடும் மெஷின் இருக்கிறதா? கடைசியாக, ஏழு நாளுக்குள் நேரில் வர நாளும் நேரமும் அந்தப் போனிலேயே குறித்துவிட வேண்டும். மொத்தம் இருபது நிமிடம். இதைச் செய்ய அந்த நேரத்தில் ஒரு ஆள் ஓய்வாக இருக்க வேண்டும். மேலே போட்ட 81,600 டாலர் வாங்குவது அந்த இருபது நிமிடத்தை.

நீண்ட நாள் பின்தொடரலுக்கு ஒரு முழுநேர ஆளிடம் 100 பேருக்கு மேல் கொடுக்காதீர்கள். நம் உதாரணத்தில் மேல் இரண்டு படிநிலைகளிலும் சேர்ந்து சரியாக 100 பேர்தான்.

படி 7: எதை அளப்பது, அளவு எங்கே பொய் சொல்லும்

அளவுகோல் குறைவாக இருக்கட்டும். மேரிலாந்து தொடக்கத்தில் மையமாக வைத்தவை: ரத்த அழுத்தம் 140/90க்குக் கீழ் இருப்பவர் எத்தனை பேர், சர்க்கரையில் மூன்று மாதச் சராசரி (எச்பிஏ1சி பரிசோதனை) 9 சதவீதத்துக்கு மேல் போனவர் எத்தனை பேர், நோயாளிக் கருத்துக்கணிப்பு, எமர்ஜென்சி வருகை, அட்மிஷன்.

சர்க்கரை அளவுகோலில் பரிசோதனையே செய்யாதவரும் "கட்டுப்பாட்டில் இல்லாதவர்" கணக்கில்தான் விழுவார். இங்கேதான் நல்ல கிளினிக்கும் அடிவாங்குகிறது. வெளி லேபிலிருந்து ரிசல்ட் ஃபேக்ஸில் வருகிறது, அதைப் படமாக ஸ்கேன் செய்து பதிவேட்டில் போடுகிறார்கள். டாக்டர் பார்க்கிறார், 7.1 இருக்கிறது, மகிழ்ச்சி. மென்பொருளுக்கு அந்தப் படத்தில் எண் இருப்பது தெரியாது. அந்த நோயாளி தோல்வி. ரிப்போர்ட் போடும் மாதம் வந்த பிறகு இதைக் கண்டுபிடித்துப் பயனில்லை. முதல் காலாண்டிலேயே 20 நோயாளிகளின் பதிவை எடுத்து, கண்ணால் பார்த்த எண்ணும் மென்பொருள் சொல்லும் எண்ணும் ஒன்றா என்று பயிற்சியாளர் ஒப்பிடட்டும்.

ரத்த அழுத்தத்தில் ஆண்டின் கடைசி அளவுதான் கணக்கு. படியேறி வந்த மூச்சோடு எடுத்த 148ஐ அப்படியே விட்டுவிடக் கூடாது. ஐந்து நிமிடம் உட்காரவைத்து மறுபடி எடுத்து இரண்டையும் பதியலாம். ஒரே நாளில் பல அளவு இருந்தால் குறைந்ததை எடுத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. இது ஏமாற்று வேலை அல்ல, ரத்த அழுத்தம் எடுக்க வேண்டிய முறையே அதுதான்.

படி 8: விண்ணப்பமும் நாட்காட்டியும்

ஜனவரியில் தொடக்கம் என்றால் முந்தைய கோடையிலேயே துணை நிறுவனங்களுக்கும், அதன்பின் கிளினிக்குகளுக்கும் விண்ணப்பம் திறக்க வேண்டும். துணை நிறுவனம் முதலில். யார் உதவிக்கு இருக்கிறார் என்று தெரியாமல் சின்ன கிளினிக் கையெழுத்துப் போடாது. இலையுதிர்காலத்தில் தேர்வு, ஒப்பந்தம், வங்கி விவரம். முதல் தவணை ஜனவரியில் வங்கியில் விழுந்தே ஆக வேண்டும். விழவில்லையென்றால் நீங்கள் போட்ட ஒவ்வொரு கூட்டமும் வீண். அடுத்தடுத்த ஆண்டும் கதவைத் திறந்து வையுங்கள். முதல் ஆண்டில் வேடிக்கை பார்த்தவர்கள் பக்கத்து கிளினிக்கைப் பார்த்து இரண்டாம் ஆண்டு வருவார்கள். 380இலிருந்து 525 வரை ஏறியதன் வழி அதுதான்.

படி 9: சேராதவர்களும் விலகுபவர்களும்

விருப்பத் திட்டத்தின் பலவீனத்தை மறைக்காதீர்கள். ஏற்கெனவே நன்றாக நடக்கும் கிளினிக்தான் முதலில் சேரும். ஏழைப் பகுதியில் இரண்டு அறை வைத்து நடத்தும் டாக்டருக்கு விண்ணப்பம் நிரப்பவே நேரமில்லை. முடிவில் பணம் வசதியான பகுதிகளுக்குப் போகிறது. மேரிலாந்து இதற்கு 2021இல் சமூக சுகாதார மையங்களைச் சேர்த்தது. 2022இல், நோயும் கனமாக இருந்து, மிகவும் பின்தங்கிய பகுதியிலும் வாழும் நோயாளிக்கு மாதம் கூடுதலாக 110 டாலர் தரத் தொடங்கியது. அது வண்டி ஏற்பாட்டுக்கும் சாப்பாட்டுக்கும் வீட்டுக்கே ஆள் அனுப்பவும் உதவும் பணம். இந்த இரண்டையும் முதல் நாளிலேயே வைத்திருந்தால் நல்லது என்பது எங்கள் கருத்து.

மதிப்பீடும் இதே காரணத்தால் சிக்கல். சேர்ந்தவர்களையும் சேராதவர்களையும் நேராக ஒப்பிட்டால் திட்டம் இருப்பதைவிடச் சிறப்பாகத் தெரியும். தொடங்குவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுத் தரவை இரு தரப்புக்கும் எடுத்துப் பூட்டி வையுங்கள். கொடுத்த பராமரிப்புக் கட்டணத்தைச் செலவுப் பக்கத்தில் சேர்த்த பிறகே மிச்சம் என்று பேசுங்கள். அட்மிஷன் குறைந்தது என்பதும் பணம் மிச்சமானது என்பதும் வெவ்வேறு வாக்கியங்கள். சட்டமன்றத்தில் இரண்டாம் ஆண்டே லாபம் காட்டுவோம் என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

விலகும் விதியையும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். கிளினிக் விலகும்போது முன்னதாக வாங்கிய ஊக்கத்தொகை எப்படிக் கணக்காகும், மீதிக் காலத்தின் கட்டணம் எப்போது திரும்ப வேண்டும், க்ரிஸ்ப் அறிவிப்புகள் தொடருமா என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். நோயாளிகளுக்கான வரி ஒன்று தனியாக வேண்டும்: மேல் இரண்டு படிநிலைகளில் இருக்கும் ஒவ்வொருவரையும், சி.டி.ஓ. தன் ஆளைத் திரும்ப அழைத்துக்கொள்வதற்கு முப்பது நாள் முன்பே கேர் மேனேஜர் போனில் அழைத்து, இனி மாத்திரைச் சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்க வேண்டும், எந்த எண் என்று சொல்லிவிட வேண்டும்.